வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, இரவல் கேட்பதா?

பொங்கலுக்கு முன் ஒட்டடை அடிக்க ஓர் ஏணி. சுவரில் படம் மாட்ட ஒரு டிரில்லிங் மெஷின். ஊரில் நடக்கும் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய்வர ஒரு கார். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு மருத்துவக் கட்டில். இரண்டு படுக்கையறை கொண்ட சென்னை வீடு ஒன்றில் இவை அனைத்தும் எப்போதாவது தேவைப்படும். எல்லாவற்றையும் வாங்கி வைக்கப் பணம் இருந்தாலும் இடம் இருக்காது.

வாங்காமல் பயன்படுத்த மூன்று வழிகள் இருக்கின்றன. செயலி வழியாக ஒரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கலாம். தெருமுனையில் இருக்கும் வாடகைக் கடைக்குப் போகலாம். பக்கத்து வீட்டில் இரவல் கேட்கலாம். குடியிருப்போர் சங்கம் பொதுவில் வாங்கி வைத்திருக்கும் பொருளை எடுத்துக்கொள்வதையும் இதிலேயே சேர்த்துக்கொள்கிறேன். வாங்குவதையும் சேர்த்தால் நான்கு வழிகள்.

விலையை ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. அதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பொருள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுமா? உடைந்தால் யாரிடம் போய்ப் பேசுவது? முதல் கேள்விக்கான பதில், பொருளைப் பகிர முடியுமா என்று சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கான பதில், யாரோடு பகிரலாம் என்று சொல்லும். விலை அதற்குப் பிறகுதான்.

கிரைண்டரும் மாவு மில்லும்

முதல் கேள்விக்கு நம் சமையலறையிலேயே நல்ல சான்று இருக்கிறது. இட்லிக்கு மாவரைப்பது பெரும்பாலான வீடுகளில் ஒரே பொழுதில் நடக்கும் வேலை. காலையில் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, மாலையில் அரைத்து, இரவு முழுவதும் புளிக்க விட வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு கிரைண்டர் என்றால் பத்தாவது வீட்டுக்காரரின் மாவு மறுநாள் காலை இட்லி ஊற்றும் பதத்தில் இருக்காது. எனவே கிரைண்டர் வீட்டுக்கு ஒன்றாகவே ஆயிற்று. 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பிறகு குடிசை வீட்டிலும் அது இடம்பிடித்தது.

மிளகாய், மல்லி, கோதுமை அரைக்கும் மில் அப்படி ஆகவில்லை. அது இன்றும் தெருவுக்குப் பொதுவாகவே இருக்கிறது. மிளகாய்த்தூளைத் தினமும் யாரும் அரைப்பதில்லை. வெயிலில் காயவைத்த மிளகாயை இன்று கொண்டுபோகாவிட்டால் நாளை கொண்டுபோகலாம். கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு வந்தால் போதும். இயந்திரத்தைத் துடைப்பது, கல்லைக் கொத்துவது, மோட்டார் எரிந்தால் பார்ப்பது எல்லாம் மில்காரர் பாடு. வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சிறிய மாவு இயந்திரங்கள் கடைகளில் விற்கின்றன. தினமும் சப்பாத்தி சாப்பிடும் வீட்டுக்கு அது பொருந்தலாம். மாதத்துக்கு இரண்டு கிலோ கோதுமை அரைக்கும் வீட்டுக்கு மில்தான் சரி. முன்னால் அரைத்தவரின் மிளகாய் நெடி நம் அரிசிமாவில் ஏறிவிடக் கூடாது என்பதால் எந்த இயந்திரத்தில் எது அரைபடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒத்திப்போட முடிந்த தேவை பகிர்வுக்கு ஏற்றது. ஒத்திப்போட முடியாததையும், எல்லாருக்கும் ஒரே மணிநேரத்தில் வேண்டியதையும் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது. குளிர்சாதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி, குடை, முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் விவாதிக்கவே வேண்டியதில்லை.

ஏணி, டிரில்லிங் மெஷின், அண்டா

சிறிய கருவிகளைச் செயலி வழியாக வாடகைக்கு விடும் முயற்சி நம் ஊர்களில் வேரூன்றவில்லை. காரணம் எளியது. மேலை நாடுகளில் மனிதரின் கூலி அதிகம், கருவியின் விலை குறைவு. அதனால் அங்கே கருவியை எடுத்துவந்து வேலையைத் தாமே செய்துகொள்கிறார்கள். இங்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவரே தம் டிரில்லிங் மெஷினோடு வந்து, துளைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, திருகு பிடிக்கும் பிளக்கையும் தட்டி இறக்கிவிட்டுப் போகிறார். கான்கிரீட் தூணில் துளை போடுவதற்கும் செங்கல் சுவரில் போடுவதற்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரியும். குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் எங்கே ஓடும் என்பதையும் ஓரளவு கணித்துவிடுவார். ஆண்டுக்கு ஐந்தாறு துளை போடும் வீட்டில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கொடுத்து மெஷினை வாங்கிப் பரணில் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். கருவியையும் கை வேலையையும் சேர்த்தே வாடகைக்கு எடுப்பது நம் ஊரின் பழைய வழக்கம். அதை விட்டுவிட வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஏணி வேறு வகை. அதற்கு ஆள் வேண்டாம். பொருள் மட்டும் போதும். ஆறடி, எட்டடி ஏணியை வீட்டுக்குள் வைப்பதும் தொல்லை. குடியிருப்புக்குப் பொதுவாக வாங்க மிகவும் பொருத்தமான பொருள் இது. சிக்கல் ஒன்றுதான்: பொங்கலுக்கு முந்தைய வாரமும் ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாட்களும் எல்லாருக்கும் அது வேண்டும். எங்கள் குடியிருப்பில் இதற்குச் செய்த ஏற்பாடு நன்றாக நடக்கிறது. ஏணி காவலாளியின் அறைக்குப் பக்கத்தில் சங்கிலியில் இருக்கும். எடுப்பவர் நோட்டில் வீட்டு எண்ணும் நேரமும் எழுத வேண்டும். பண்டிகை வாரத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு மணிநேரம் மட்டும். ஏணிப்படி வளைந்தால் யார் வளைத்தது என்று விசாரிப்பதில்லை. பராமரிப்பு நிதியிலிருந்து சரிசெய்துவிடுவார்கள்.

இந்தக் கடைசி விதி மிக முக்கியமானது. இரவலின் பலவீனம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு மிக்ஸியைக் கேட்டு வாங்கி, அது நம் கையில் எரிந்துபோனால், பழையது என்பதால் எரிந்ததா நாம் எரித்தோமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. புதியது வாங்கித் தந்தால் நமக்குச் சுமை. தராவிட்டால் அவருக்கு மனத்தாங்கல். "பரவாயில்லை அக்கா, விடுங்கள்" என்று அவர் சொன்னாலும் மாடிப்படியில் பார்க்கும்போது பழைய சிரிப்பு வராது. மின்மோட்டார் உள்ள எதையும் தனிநபரிடம் இரவல் கேட்காமல் இருப்பதே உறவுக்கு நல்லது என்பது என் கருத்து. தையல் இயந்திரம் உட்பட. சங்கத்தின் பொதுப்பொருளாக இருந்தால் எடுங்கள். ஒருவருடைய சொந்தப் பொருளாக இருந்தால் வேண்டாம்.

வீட்டு விசேஷங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடையோடு போட்டிபோட இன்னும் எந்தச் செயலியும் வரவில்லை. அண்டா, தேக்சா, ஜல்லிக்கரண்டி, ஜமக்காளம், நாற்காலி, சாமியானா எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கும். திரும்ப எடுக்கும்போது எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்த கரண்டிக்கும் டம்ளருக்கும் விலை உண்டு; அந்த விலை பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். ஒரே தெருவில் இருப்பதால் அவர் நம்மை ஏமாற்றவும் முடியாது, நாம் அவரை ஏமாற்றவும் முடியாது. உடைந்தால் யாரிடம் பேசுவது என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதில் வேறு எங்கும் கிடைக்காது. முப்பது பேருக்குமேல் வீட்டில் சாப்பிடப்போகிறார்கள் என்றால் யோசிக்காமல் அங்கே போகலாம்.

கட்டிலும் சோபாவும்

வேலை மாற்றலில் ஊர்விட்டு ஊர் வருகிறவர்களுக்கு வீட்டுச் சாமான் பெரிய கேள்வி. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகை வீடு எடுத்தவர், அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்றே தெரியாமல் வார்னிஷ் போட்ட தேக்குக் கட்டிலை வாங்க மாட்டார். இந்தத் தேவையை நம்பித்தான் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஃபர்லென்கோ, ரென்டோமோஜோ போன்ற நிறுவனங்கள் வளர்ந்தன. முன்பணம் கொடுத்து, மாத வாடகை கட்டினால் கட்டில், மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின் எல்லாம் வீடு தேடி வரும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்களை நீங்கள் உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த நான்கு பொருள்களும் புதிதாக ரூ.60,000 என்றும், வாடகைக்கு மாதம் ரூ.2,800 என்றும் வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு வாடகை ரூ.16,800. ஓராண்டுக்கு ரூ.33,600. இரண்டாண்டு முடிவதற்குள் புதிய பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் வாடகையா, புதியதா என்று இரண்டை மட்டும் பார்ப்பது தவறு. பழைய சாமான் வாங்கி, போகும்போது விற்றுவிடும் வழி நடுவில் இருக்கிறது. அதே பொருள்களைப் பழையதாக ரூ.30,000க்கு வாங்கி, ஓராண்டு கழித்து ரூ.15,000க்கு விற்றால், இரண்டு தடவை வண்டிக்கூலி ரூ.6,000 சேர்த்தாலும் செலவு ரூ.21,000தான். ஆறு மாதத்திலேயே விற்பதென்றால் இந்த வழிக்கும் வாடகைக்கும் பெரிய வேறுபாடு இராது. அப்போது தொல்லை குறைந்த வாடகையே மேல். எட்டு மாதத்திலிருந்து மூன்றாண்டு வரை இருக்கப்போகிறோம் என்றால் பழையதே மலிவு. அதற்கு மேல் என்றால் புதிதாக வாங்குங்கள்.

பழையது வாங்குகிறவர்களுக்குச் சென்னையில் ஓஎல்எக்ஸ் இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் பழையதாக வாங்கலாகாது. மெத்தையைப் புதிதாகவே வாங்குங்கள். மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்துவிட்டால் மிச்சம் பிடித்த பணம் முழுவதும் பூச்சிமருந்துக்காரருக்குப் போய்விடும். மரக்கட்டிலின் மூட்டுகளையும் பலகைகளின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். குளிர்சாதனப் பெட்டியைப் பொறுத்தவரை வாடகைக்கு ஒரு வலுவான நியாயம் உண்டு: பழுதானால் மாற்றித் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. பழையது வாங்கி கம்ப்ரஸர் போனால் அழுவது நாம்தான். கட்டில், மேசை, பீரோ பழையது, மெத்தை புதியது, குளிர்சாதனப் பெட்டியும் வாஷிங் மெஷினும் வாடகைக்கு என்று கலந்து செய்வதுதான் எனக்குச் சிறந்ததாகப் படுகிறது.

முன்பணம் திரும்பி வருவது பற்றி ஒரு சொல். சோபாவில் கீறல் இருக்கிறது என்று பிடித்தம் செய்வதுதான் பெரும்பாலான சச்சரவுகளின் தொடக்கம். பொருள் வந்து இறங்கிய அன்றே எல்லாப் பக்கமும் படம் எடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். கைபேசியில் வைத்திருந்தால் போதாது. அனுப்பிய தேதிதான் சாட்சி. நிறுவனம் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

கார்: அதிகம் யோசிக்க வேண்டிய இடம்

ஒரு குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும்பணம் போடுவது காரில். அது நாளின் பெரும்பகுதி நிழலில் சும்மா நிற்கிறது. இங்கே பகிர்வு உண்மையிலேயே மிச்சம் தரும். ஆனால் எல்லாருக்கும் அல்ல.

மீண்டும் எடுத்துக்காட்டுக் கணக்கு. ரூ.7 லட்சம் கொடுத்து வாங்கிய சிறிய காரை எட்டாண்டு கழித்து ரூ.2 லட்சத்துக்கு விற்றால், தேய்மானம் மாதம் சுமார் ரூ.5,200. காப்பீடு ஆண்டுக்கு ரூ.15,000, சர்வீஸ் ரூ.12,000 என்றால் மாதம் ரூ.2,250. ஆக, காரைத் தெருவில் நிறுத்தி வைத்தாலே மாதம் ரூ.7,500 போய்க்கொண்டிருக்கிறது. கடன் வட்டியும் நிறுத்தும் இடத்துக்கான வாடகையும் இதில் சேரவில்லை. பெட்ரோல் லிட்டர் ரூ.100, நகரத்தில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரூ.6க்குச் சற்று மேல். வாடகை டாக்ஸி கிலோமீட்டருக்குச் சராசரியாக ரூ.22 என்று கொண்டால், இரண்டும் சமமாகும் இடம் மாதம் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். அதற்குக் கீழே ஓடினால் டாக்ஸி மலிவு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் சொந்தக் கார் ரூ.14,000க்குள் முடிந்துவிடும், டாக்ஸிக்கு ரூ.22,000 ஆகும்.

அலுவலகத்துக்கு மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போய், காரை வார இறுதியில் மட்டும் எடுக்கும் குடும்பம் மாதம் 480 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். அவர்களுக்குக் கார் வாங்காமல் இருப்பதே இலாபம். செங்கல்பட்டிலிருந்து தினமும் சென்னைக்குக் காரில் வந்துபோகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

ஆனால் முதல் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். அடைமழையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். அப்போது செயலியில் கட்டணம் ஏறும். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு வரை வாங்க இடம் தருகின்றன. 2020 நெறிமுறைகளில் இது ஒன்றரை மடங்காக இருந்தது. இரண்டு மடங்கு கொடுக்க நாம் தயாராக இருந்தாலும் வண்டி வந்தால்தானே? சென்னையில் நவம்பர், டிசம்பர் மழையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்ரயிலோ மெட்ரோவோ நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கும், தண்ணீர் தேங்கினால் தனித்துவிடும் புறநகர் வீட்டுக்கும் இங்கே பதில் வேறு. வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணியோ, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவரோ இருந்தால் கணக்கை ஒதுக்கிவிட்டுக் காரை வைத்துக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் ஸ்கூட்டரை விற்றுவிடாதீர்கள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதையாகிவிடும். பால் வாங்க, மருந்து வாங்க, டியூஷன் முடிந்த பிள்ளையை அழைத்துவர ஒரு வண்டி வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார் மூன்றாவது வழி. 2013இல் பெங்களூரில் தொடங்கிய ஜூம்கார், முதலில் தன் சொந்தக் கார்களை வாடகைக்கு விட்டது. பின்னர் தனிநபர்கள் தங்கள் கார்களைப் பட்டியலிடும் சந்தையாக மாறியது. இங்கே வாடகைக்கு எடுப்பவரும் கொடுப்பவரும் முதலில் பார்க்க வேண்டியது எண்பலகையின் நிறத்தை. ஓட்டுநர் இல்லாத வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஓட்டுநரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். வெள்ளைப் பலகைக் காரைக் காசுக்கு வாடகைக்கு விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் அனுமதி விதிகளுக்கு எதிரானது. சொந்தக் காருக்கான காப்பீடும் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். நண்பருக்குக் காசு வாங்காமல் கொடுப்பது வேறு. தெரிந்தவர் ஒருவர் "பெட்ரோல் போட்டு நாளுக்கு ஆயிரம் கொடுங்கள்" என்று வெள்ளைப் பலகைக் காரைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிச்சமாகும் தொகை, ஏற்கும் ஆபத்துக்கு ஈடாகாது.

ஒரே அலுவலகத்துக்குப் போகிறவர்கள் ஒரே காரில் போய்ப் பெட்ரோலைப் பங்கிட்டுக்கொள்வதை நான் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். செயலி வழியாக இதைச் செய்வதற்கு 2020 நெறிமுறைகளே இடம் தந்தன. மாநில அரசு தடுக்காத வரை, நகருக்குள் ஒரு வண்டி நாளுக்கு நான்கு பயணம் வரை இப்படிப் போகலாம் என்று வரம்பும் வைத்தன. முன்பின் தெரியாதவர்களை டாக்ஸியில் ஒன்றுசேர்த்த ஓலா ஷேர், ஊபர் பூல் சேவைகள் 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றன. அறிமுகமானவர்களோடு போவது அதைவிட நல்ல வழி. ஒருவர் தாமதமாக வந்தாலும் மற்றவர் காத்திருப்பார்.

நோயாளி வீட்டில்

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஏனெனில், தேவையில்லாமல் பொருள்கள் வாங்கப்படுவது இங்கேதான் அதிகம். அறுவை சிகிச்சை முடிந்து தந்தையையோ மாமியாரையோ வீட்டுக்கு அழைத்துவரும் நாளில், குடும்பத்தில் யாரும் கணக்குப் பார்க்கும் மனநிலையில் இருப்பதில்லை. மருத்துவமனை வாசலில் இருக்கும் கடையில் சக்கர நாற்காலி, வாக்கர், கமோட் நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அவர் நடக்கத் தொடங்கியதும் அவை பால்கனியில் துருப்பிடிக்கின்றன.

எப்போது வேண்டியிருக்கும் என்று தெரியாது, வந்தால் சில வாரமோ சில மாதமோ வேண்டும், ஒரு தெருவில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வேண்டியிருக்காது, இடத்தை அடைக்கும், பிறகு விற்பதும் கடினம். பகிர்வுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வீட்டில் வேறு இல்லை.

கட்டிலையும், படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தையையும் வாடகைக்கு எடுங்கள். பெரிய மருத்துவமனைகளைச் சுற்றி இவற்றை வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. வாடகை மாதக் கணக்கா, நாள் கணக்கா? இரண்டாவது மாடிக்கு ஏற்றித் தருவது யார்? நள்ளிரவில் காற்று மெத்தையின் பம்ப் நின்றால் எந்த எண்ணுக்குப் பேசுவது? சொன்ன நாளில் வந்து எடுத்துக்கொள்வார்களா? கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். நோயாளி இறந்துபோன வீட்டில், ஈமக்காரியங்களுக்கு நடுவே, அந்தக் கட்டில் கூடத்தில் கிடப்பது எல்லாருக்கும் வேதனை. போன் செய்த அன்றே வந்து எடுக்கும் கடைக்காரருக்கு மாதம் இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஆக்சிஜன் செறிவூட்டி வேண்டியிருந்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று மருத்துவர் எழுதித் தந்த பிறகே கடைக்குப் போக வேண்டும். ஐந்து லிட்டர் இயந்திரம் பத்து லிட்டர் தேவைப்படுகிறவருக்குப் போதாது. வெளிவரும் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கடையிலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும். சிறிய சிலிண்டர் ஒன்று துணைக்கு இருப்பது பாதுகாப்பு. இந்த இயந்திரத்தை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்க வேண்டாம் என்பேன். பழுதானால் உயிர் சம்பந்தப்பட்டது. பொறுப்பேற்க ஒரு கடை இருக்க வேண்டும்.

சக்கர நாற்காலியும் வாக்கரும் நேர்மாறு. அவற்றில் பழுதாக அதிகம் இல்லை. குடியிருப்போர் சங்கம் ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டால் ஒன்றிரண்டு வாங்கி வைத்துவிடலாம். அவசரத்தில் ஒருவரைக் கீழே கொண்டுவரவும் சக்கர நாற்காலி உதவும். பல ஊர்களில் அரிமா சங்கங்களும் அறக்கட்டளைகளும் இவற்றை இலவசமாகவே தருகின்றன. பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். வாக்கர் வாங்கும்போது உயரத்தைச் சரிசெய்து, நான்கு கால்களிலும் ரப்பர் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வழுக்கினால் மறுபடியும் எலும்பு முறியும். மூக்குக் குழாய், நெபுலைசர் முகமூடி, கமோட் நாற்காலியின் பாத்திரம் ஆகியவற்றை மட்டும் எப்போதும் புதிதாக வாங்குங்கள்.

புத்தகம், தொட்டில்

புத்தகத்துக்குப் பணம் கட்டும் சந்தாவைத் தேடுவதற்கு முன், வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் இருக்கும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் முன்னோடிச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கிளை நூலகத்தில் உறுப்பினராகச் செலவு மிகக் குறைவு. பிள்ளைகளின் கதைப் புத்தகத்துக்கு முதலில் அங்கே போங்கள். கிடைக்காததை மட்டும் வாங்குங்கள்.

தொட்டில், நடைவண்டி, முதலாண்டு உடுப்புகள் எல்லாம் அக்கா பிள்ளையிடமிருந்து தங்கை பிள்ளைக்கு வருவதே வழக்கம். இதற்குச் செயலி தேவையில்லை. சொந்தங்கள் வெளியூரில் இருக்கும் குடும்பங்களுக்குக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு அந்த வேலையைச் செய்யும்.

மலிவாகக் கிடைப்பது யாரால்

டாக்ஸி ஓட்டுநர், சாமான் ஏற்றி இறக்குகிறவர், வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைப் பழுதுபார்க்கிறவர் ஆகியோரின் உழைப்பில்தான் செயலியின் மலிவு நிற்கிறது. ஒப்பீட்டில் இதற்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சென்னையில் ஆட்டோவுக்கு அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு ரூ.25, பிறகு கிலோமீட்டருக்கு ரூ.12. அதன் பிறகு பெட்ரோல் விலை எங்கே போயிருக்கிறது என்று அனைவருக்கும் தெரியும். இணையவழித் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2023இல் தனி நலவாரியம் அமைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. இவை நல்ல தொடக்கங்கள். நம் அளவில் செய்யக்கூடியதும் உண்டு. இரண்டு செயலிகளில் கட்டணம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், ஓட்டுநரிடம் பயணத்துக்குப் பயணம் கமிஷன் பிடிக்காத செயலியைத் தேர்ந்தெடுக்கலாம். பெங்களூரில் 2022இல் தொடங்கிய நம்ம யாத்ரி அப்படிப்பட்டது. வாஷிங் மெஷினை மூன்று மாடி தூக்கி வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீரும் கையில் ஐம்பது ரூபாயும் கொடுப்பதை வாடகைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குடியிருப்பில் இதுவரை பொதுப்பொருள் எதுவும் இல்லையென்றால் அடுத்த சங்கக் கூட்டத்தில் மூன்றே பொருள்களை முன்மொழியுங்கள்: எட்டடி ஏணி, சக்கர நாற்காலி, வாக்கர். முப்பது வீடுகள் இருந்தால் வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் போதும். யார் சாவி வைத்திருப்பது, எந்த நோட்டில் எழுதுவது, பழுதானால் எந்த நிதியிலிருந்து எடுப்பது என்ற மூன்றையும் அதே கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவிடுங்கள். டிரில்லிங் மெஷின் வேண்டும் என்று யாராவது கேட்டால், எலக்ட்ரீஷியனின் எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம்.